காரைக்குடிப் பக்கம் முதலமைச்சர் காப்பீட்டு கார்டை ஏற்கிற ஐசியூ டாக்டர் யாராவது இருக்காங்களா?

ஆத்தங்குடி மகள் (ஞாயிறு, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்காகக் கேக்குறேன். வயசு 61. முப்பது வருஷத்துக்கு மேல, தரையில பதிக்கிற பூக்கல் செய்ற பட்டறையில வேலை. கண்ணாடி மேல கலர் ஊத்தி, அதுக்கு மேல சிமெண்டும் மணலும் கொட்டி அமுக்கின கை. அந்தத் தூசு பாதி, பீடி பாதி, இப்ப நுரையீரல் அடைப்பு நோய். சி.ஓ.பி.டி.ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க.

தை மாசப் பனியில ஒரு ராத்திரி மூச்சு ரொம்ப வாங்கிருச்சு. பேசவே முடியல, உதடு நீலமாயிருச்சு. பக்கத்து வீட்டு அண்ணன் கார்ல டவுனுக்குக் கொண்டு போனோம். தனியார் ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம். வாசல்லயே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தோட போர்டு பெருசா இருந்துச்சு. கார்டை நீட்டினேன். "கார்டு இங்க உண்டும்மா, ஆனா இந்த ஐசியூ கேஸுக்குச் செல்லாது, 40 ஆயிரம் அட்வான்ஸ் கட்டுங்க"ன்னாங்க. அந்த நேரத்துல என்ன பேச? அம்மா கழுத்துச் சங்கிலி காலையில அடகுக்கடைக்குப் போச்சு. மூணு நாள்ல 70 ஆயிரத்தைத் தாண்டிருச்சு. அதுக்கு மேல முடியாதுன்னு சொல்லி சிவகங்கை மெடிக்கல் காலேஜுக்கு மாத்தினோம். அங்க ஒரு பைசா கேக்கல. மூஞ்சியில இறுக்கமா மாஸ்க் மாட்டி மெஷின்ல வச்சாங்க. ஒரு வாரத்துல நடந்தே வீட்டுக்கு வந்துட்டார்.

இது மறுபடி வரும், பனிக்காலத்துல ஜாக்கிரதைன்னு டாக்டர் சொல்லி அனுப்பினார். அதான் இப்பவே கேக்குறேன். கார்டை ஏத்துக்குற தீவிர சிகிச்சை டாக்டர் காரைக்குடிப் பக்கம் யார் இருக்கா? நெட்ல தேடினா பேர் பேரா வருது. பாதி நம்பர் எடுக்கவே மாட்டேங்குது. எடுத்தவங்க "அவர் இப்ப இங்க வர்றதில்ல"ங்குறாங்க.

தேவகோட்டை ரஸ்தா (ஞாயிறு, இரவு 10.05)

தங்கச்சி, நம்ம ஊர்ல பெரிய நோய்னா நேரா மதுரைதான். எங்க மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தப்ப இங்க எங்கயும் நிக்காம மேலூர் வழியா ஒரே அழுத்தா அழுத்திக் கொண்டு போய்ச் சேத்தோம். பொழச்சுக்கிட்டார். நடுவுல நிக்காதீங்க. அங்க கார்டு எடுக்குற ஆஸ்பத்திரி நிறைய இருக்கு, பெரியாஸ்பத்திரியும் இருக்கு.

இரவுப்பணி செவிலி (திங்கள், காலை 7.20)

இப்பதான் நைட் டியூட்டி முடிஞ்சு வந்தேன். திருப்பத்தூர்தான் சொந்த ஊர். மதுரையில ஒரு ஐசியூவுல பதினோரு வருஷமா வேலை. படிச்சிட்டு அப்படியே தூங்கப் போக மனசு வரல.

ரஸ்தா அண்ணே, உங்க மாமா பொழச்சது சந்தோஷம். ஆனா இந்த அப்பாவுக்கு அந்த வழி ஆகாது. காரைக்குடியிலேர்ந்து மதுரை 90 கிலோமீட்டர் பக்கம். ராத்திரி ரோடு காலியா இருந்தாலும் ஒன்றரை மணிக்கு மேல ஆகும். உதடு நீலமா இருக்குற ஆளைச் சாதாரணக் கார்ல ஒன்றரை மணி நேரம் கொண்டு போறது பெரிய ஆபத்து. வழியில மயங்கிட்டா கார் ஓட்டுறவரால என்ன செய்ய முடியும்? அந்த மாதிரி வந்து சேர்ற ஆளுங்களை நான் வாங்கிப் படுக்க வச்சிருக்கேன். எல்லாரும் பொழைக்கல.

இப்ப உங்க கேள்வி, தங்கச்சி. நீங்க டாக்டரைத் தேடுறீங்க. கார்டை டாக்டர் ஏத்துக்குறதில்ல, ஆஸ்பத்திரிதான் ஏத்துக்குது. ஆஸ்பத்திரியும் மொத்தமா ஏத்துக்குறதில்ல. இதய நோய், எலும்பு முறிவு, சிறுநீரகம்னு ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியா அங்கீகாரம் வாங்கணும். எலும்புக்கு மட்டும் வாங்கின ஆஸ்பத்திரியும் வாசல்ல அதே போர்டுதான் மாட்டும். உள்ள ஐசியூ இருக்கும், அதுல நல்ல டாக்டரும் இருப்பார், ஆனா மூச்சுத்திணறலுக்குக் கார்டு ஓடாது. போதாததுக்கு, சில சிகிச்சைகளை அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டும்னு ஒதுக்கி வச்சிருக்காங்க. தனியார்ல எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் இருந்தாலும் அதெல்லாம் அங்க கிடைக்காது. உங்களுக்கு நடந்தது இதுல ஒண்ணாத்தான் இருக்கும்.

அதனால 1800 425 3993-க்குக் கூப்பிடுங்க. திட்டத்தோட இலவச நம்பர். "எந்த ஆஸ்பத்திரியில கார்டு எடுப்பாங்க"ன்னு பொதுவாக் கேக்காதீங்க, நீளமா ஒரு பட்டியல் படிப்பாங்க. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில வச்சுக்கிட்டு நோயோட பேரை அப்படியே வாசிங்க. "இந்த நோய்க்கு ஐசியூவுல வச்சுப் பாக்க, சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை மாவட்டத்துல எந்த எந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதி இருக்கு"ன்னு கேளுங்க.

கார்டு சரியா இருந்தா அனுமதி வாங்குற வேலை ஆஸ்பத்திரியோடது. காப்பீட்டுக்குன்னு உள்ள ஒரு மேஜையும் ஆளும் இருப்பாங்க. முதல்ல அனுமதி வரணும், அப்புறம்தான் சிகிச்சை தொடங்கும்.

தூங்கி எழுந்து மிச்சம் எழுதுறேன்.

பொன்னமராவதி ஓய்வாசிரியர் (திங்கள், காலை 9.15)

செவிலியர் அம்மா சொன்னதில் ஒரு திருத்தம். அவசர நிலையில் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தொலைபேசி வழியாக ஒப்புதல் பெற்றுச் சிகிச்சையைத் தொடங்கலாம், தாள்கள் பின்னால் போகும். "அப்ரூவல் வரட்டும்" என்று சொல்லி யாராவது நோயாளியை வராந்தாவில் நிறுத்தினால் அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலுதவி மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அரசு டாக்டர், தனியார் டாக்டர் இருவருக்கும் அது பொருந்தும்.

மகளே, இன்னொன்று. செட்டிநாடு நமக்கு ஒரே நாடு. கவர்மெண்டுக்கு அது இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் எல்லாம் சிவகங்கை. நாங்கள் பொன்னமராவதி, ராயவரம், கடியாபட்டிக்காரர்கள் புதுக்கோட்டை. கார்டு வாங்க, பெயர் திருத்த அவரவர் கலெக்டர் ஆபீஸுக்குத்தான் போக வேண்டும். ஆனால் சிகிச்சைக்கு அந்த எல்லை கிடையாது. சிவகங்கை மாவட்டத்துக் கார்டைப் புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் காட்டலாம். இது தெரியாமல், மாவட்டம் மாறினால் கார்டு செல்லாது என்று நினைத்து, அருகில் இருந்த புதுக்கோட்டையை விட்டுவிட்டுத் தொலைவுக்கு ஓடிய குடும்பம் ஒன்று எங்கள் தெருவிலேயே உண்டு. 2012-ல் சிவகங்கைக்கும் 2017-ல் புதுக்கோட்டைக்கும் மெடிக்கல் காலேஜ் வந்துவிட்டது. அதற்கு முன் எங்கள் காலத்தில் மதுரை, தஞ்சாவூர் என்று ஓடிய பழக்கம்தான் இன்னும் நம் காலில் இருக்கிறது.

ஆத்தங்குடி மகள் (திங்கள், மதியம் 1.30)

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். எங்க கார்டு பழசு, அப்பத்தா இருந்தப்ப எடுத்தது. அதுல வருமானம் 72,000-க்குள்ளன்னு போட்டு வாங்கினோம். இப்ப தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போறான். கார்டு செல்லுமா?

பொன்னமராவதி ஓய்வாசிரியர் (திங்கள், மதியம் 2.10)

வரம்பு இப்போது ஆண்டுக்கு 1,20,000. குடும்ப வருமானம் அதற்குள் இருந்தால் கவலை இல்லை. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு சேர்த்த பிறகு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆளுக்கு 5 லட்சம் அல்ல, குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. கார்டில் இருக்கும் பெயரும் ரேஷன் கார்டு, ஆதாரில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். ஐசியூ வாசலில் நிற்கும்போது இனிஷியல் தகராறு வரக் கூடாது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்கு ஒருநாள் போய் வந்துவிடுங்கள். தம்பிக்கு கம்பெனியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு அது உண்டு. அவரை நம்பி வாழும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை கிடைக்கும்.

நான் சொல்வது படித்துத் தெரிந்தது மட்டுமல்ல. எனக்கு இருப்பது ஓய்வூதியர் காப்பீடு, மாதாமாதம் பென்ஷனில் பிடிக்கிறார்கள். அதுவேறு, முதலமைச்சர் திட்டம் வேறு. வீட்டில் அவளுக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்த நாளில் எனக்கு அந்த வேறுபாடு தெரியாது. கார்டு எடுப்போம் என்று சொன்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவர்கள் எடுப்பது முதலமைச்சர் கார்டு, என்னுடையது அல்ல. பதினெட்டு நாள் ஐசியூ. முழுப் பணமும் கட்டினேன். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றாலும் அவசரம் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று பிறகு ஒரு தோழர் சொன்னார். கருவூலம் வழியாக மனுக் கொடுத்தேன். முதலில் தள்ளுபடி. கலெக்டர் தலைமையில் இருக்கும் மாவட்டக் குழுவுக்கு மறுபடி போட்டேன். அவசர நிலையில் சேர்க்கப்பட்டார் என்று டாக்டர் எழுதிய சான்று, ஒவ்வொரு நாளுக்குமான பில், ஸ்கேன் படங்கள், எல்லாம் வைத்தேன். ஒரு பகுதி வந்தது. அவள் வரவில்லை.

சேர்க்கும் அன்றே அவசரச் சான்றை எழுதி வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்த டாக்டர் வேறு ஊரில் இருப்பார்.

கண்டனூர் ஆச்சி (திங்கள், மாலை 5.45)

அய்யா எழுதினதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். மனசைத் தேத்திக்கங்க.

நான் கண்டனூர்ல தனியா இருக்கேன். பிள்ளைக ரெண்டும் சிங்கப்பூர். எனக்கு இந்தக் கார்டு கிடையாது, மகன் தனியாப் பாலிசி போட்டிருக்கான். ஆனா போன வருஷம் எனக்குச் சர்க்கரை இறங்கி விழுந்தப்ப கார்டுனால ஒரு கஷ்டமும் வரல, கதவுனாலதான் வந்துச்சு. நம்ம வீடு எப்படின்னு உங்களுக்குத் தெரியும். இந்தத் தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்கட்டு. நான் விழுந்தது அடுப்படிப் பக்கம். வேலைக்கு வர்ற பொண்ணுதான் போன் போட்டுச்சு. 108 முகப்புல வந்து நின்னாக. முகப்புக் கதவு, அப்புறம் வளவுக் கதவு, ரெண்டும் உள்ள பூட்டு. சாவி எங்கன்னு தேடுறதுக்குள்ள இருபது நிமிசம் ஆயிருச்சு. பின்வாசல் தெரு பேரு அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியல.

இப்ப ஒரு செட் சாவி எதுத்த வீட்டுல இருக்கு. ராத்திரி நான் படுக்குறது முகப்புக்குப் பக்கத்து அறையில. பின்வாசல் தெரு பேரையும் பக்கத்துக் கோயில் பேரையும் போனுக்குப் பக்கத்துல பெருசா எழுதி ஒட்டியாச்சு. பெரிய வீட்டுல தனியா இருக்கவுக எல்லாரும் இதைச் செய்யணும்.

புதுவயல் மில் (திங்கள், இரவு 8.30)

ஆச்சி சொன்னது ரொம்பச் சரி.

எங்க அரிசி மில்லுல பீகார் பசங்க பத்து பேர் வேலை பாக்குறாங்க. போன ஐப்பசியில அதுல ஒரு பையன் அறந்தாங்கி ரோட்டுல பைக்கோட விழுந்து தலையில அடி. இந்த ஊர் ரேஷன் கார்டு கிடையாது, காப்பீட்டு கார்டும் கிடையாது. யார் பணம் கட்டப் போறாங்கன்னு எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. அப்பத்தான் ஒரு 108 தம்பி சொன்னார், ரோட்டு விபத்துக்கு முதல் 48 மணி நேரம் கவர்மெண்டே பாக்கும்னு. இன்னுயிர் காப்போம் திட்டம், 2021 டிசம்பர்லேர்ந்து இருக்கு. எந்த ஊர்க்காரனா இருந்தாலும், கார்டு இருந்தாலும் இல்லாட்டாலும் உண்டு. அதுக்குன்னு சேந்திருக்குற தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு. பையனுக்கு ஸ்கேன், ஐசியூ எல்லாம் அதுல ஓடிருச்சு.

ரெண்டாம் நாள் அவன் அண்ணன் பீகார்லேர்ந்து போன்ல ஆயுஷ்மான் கார்டை அனுப்பினான். அந்தக் கார்டு எந்த மாநிலத்துலயும் ஓடும். 48 மணி முடிஞ்சதும் அதுல மாத்தினாங்க. மில்லு, செங்கல் சூளை, கட்டட வேலைன்னு வெளியூர்ப் பசங்களை வச்சிருக்குற முதலாளிங்க அவங்க ஊர்க் கார்டை இப்பவே ஒரு படம் எடுத்து வச்சுக்கங்க. ஆள் மயங்கிக் கிடக்கும்போது யாரைக் கேப்பீங்க?

மயக்க மருத்துவர் (திங்கள், இரவு 11.10)

நான் இந்தப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் மயக்கவியல் பார்ப்பவன். செவிலியர் சகோதரி சொன்ன அடிப்படை சரி, அதில் ஆசிரியர் ஐயா செய்த திருத்தமும் சரி. மருத்துவப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

தீவிர சிகிச்சை மருத்துவர் என்பது கிளினிக் வைத்து டோக்கன் கொடுத்துப் பார்க்கிற வேலை இல்லை. அதனால்தான் நீங்கள் தேடும் பட்டியலில் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. மயக்கவியல், பொது மருத்துவம், நெஞ்சக நோய் போன்ற ஒன்றில் எம்.டி. முடித்துவிட்டு, அதற்கு மேல் மூன்று ஆண்டு டி.எம். கிரிட்டிக்கல் கேர் படித்தவர்கள் உண்டு. இந்திய தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் நடத்தும் ஐ.டி.சி.சி.எம். டிப்ளமோ முடித்தவர்கள் உண்டு. டி.எம். படித்தவர்கள் பெரும்பாலும் பெரிய நகரத்தில்தான் இருப்பார்கள். நம் பக்கத்தில் ஐசியூவை ஓட்டுவது பெரும்பாலும் என்னைப் போன்ற மயக்கவியல்காரர்களும் பொது மருத்துவர்களும். பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைவிட, ராத்திரி 2 மணிக்கு மூச்சுக்குழாய் போடத் தெரிந்த டாக்டர் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறாரா, வீட்டிலிருந்து கூப்பிட வேண்டுமா என்பதுதான் உயிரை முடிவு செய்யும்.

சகோதரி, உங்கள் அப்பாவின் நோய்க்குத் தனியாக ஒன்று. மூஞ்சியில் மாஸ்க் மாட்டிய மெஷின் என்றீர்களே, அது பைபேப். சி.ஓ.பி.டி.யில் கரியமில வாயு உடம்பில் தேங்கித்தான் ஆள் மயங்குகிறார். அந்த மெஷினைச் சீக்கிரம் மாட்டிவிட்டால் பலருக்குக் குழாய் போடும் தேவையே வராது, இறப்பும் குறைகிறது. இது பல ஆய்வுகளில் நிரூபணமான விஷயம். ஆகவே நீங்கள் ஒரு ஆஸ்பத்திரியில் "வென்டிலேட்டர் இருக்கா" என்று கேட்பதற்கு முன் "பைபேப் இருக்கா, ராத்திரியிலும் மாட்ட ஆள் இருக்கா" என்று கேளுங்கள்.

ஆக்சிஜன் கூடக் கூட நல்லது என்று நினைத்து, இவரைப் போன்றவர்களுக்கு முழு வேகத்தில் திறந்துவிடுவதும் நடக்கிறது. அது அவர்களுக்கு ஆகாது. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 88-க்கும் 92-க்கும் இடையில் இருந்தால் போதும். இதை ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். 108-ல் வருபவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசியும், நிமோகாக்கல் தடுப்பூசியும் போடச் சொல்லி நெஞ்சக மருத்துவரிடம் கேளுங்கள். பீடியை விட்டாரா?

ரஸ்தா அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். மாரடைப்புக்கு "எங்கும் நிற்காமல் மதுரை" என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கத்து அரசு மருத்துவமனையில் போட்டுவிட்டுப் பிறகு மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்புவதுதான் இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஊர்களுக்குச் சரியான முறை. 2023-லிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கொடுக்கிறார்கள், இதயம் காப்போம் என்று திட்டம். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. பக்கவாதம் மட்டும் வேறு. நாலரை மணி நேரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுத்து ஊசி போடும் வசதி உள்ள இடத்துக்குப் போயாக வேண்டும். ஸ்கேன் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் டிரிப் ஏற்றிக்கொண்டு கிடக்கக் கூடாது.

பாம்புக் கடியையும் சேர்த்துக்கொள்கிறேன், நம் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் அதிகம். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை, பேச்சுக் குழறுகிறது என்பார்கள். சில மணி நேரத்தில் மூச்சு நின்றுவிடும். அவர்களுக்குத் தேவை விஷமுறிவு மருந்தும், சில நாள் வென்டிலேட்டரும். அரசு மருத்துவமனையில் இரண்டும் இலவசம், கார்டே வேண்டாம். மந்திரிக்கப் போய் வந்த பிறகு எங்களிடம் கொண்டுவந்தால் எங்களால் என்ன செய்ய முடியும்?

தேவகோட்டை ரஸ்தா (செவ்வாய், காலை 6.50)

டாக்டர் சார், ஏத்துக்குறேன். ஊசி விஷயம் எனக்குத் தெரியாது. எங்க மாமா பொழச்சது அதிர்ஷ்டம்னு இப்பப் புரியுது. அவருக்கு இப்பவும் இதயம் பாதிதான் வேலை செய்யுதுன்னு எக்கோவுல சொல்லியிருக்காங்க. முன்னாடியே ஊசி போட்டிருந்தா இப்படி ஆயிருக்காதோன்னு ராத்திரி பூரா யோசனை.

இரவுப்பணி செவிலி (செவ்வாய், மதியம் 3.00)

ரஸ்தா அண்ணே, அன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சதை வச்சு உங்களால ஆனதைச் செஞ்சீங்க. மாமாவை மாத்திரை விடாம சாப்பிடச் சொல்லுங்க.

ஆசிரியர் அய்யா, திருத்தினதுக்கு நன்றி. எங்க ஆஸ்பத்திரி மேஜையில சொல்றதைத்தான் நானும் சட்டம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

தங்கச்சி, உங்க 70 ஆயிரம் பத்தி. கார்டு செல்ற சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி தனியாப் பணம் வாங்கக் கூடாது. ஆனா அந்தச் சிகிச்சைக்கு அவங்களுக்கு அங்கீகாரமே இல்லன்னா பணம் வாங்கினதைத் தப்புன்னு சொல்ல முடியாது. எங்க செல்லும்னு ஒரு வார்த்தை சொல்லாம, கார்டு உண்டுன்னு உள்ள இழுத்துட்டு அட்வான்ஸ் கேட்டதுதான் எனக்கு வயிறெரியுது. பில்லை எடுத்துக்கிட்டு, இலவச நம்பர்லயே புகாரைப் பதியுங்க. ஒரு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனுவும் குடுங்க. மாவட்டத்துல இதைப் பாக்குறவர் நலப்பணிகள் இணை இயக்குநர், ஜே.டி.ன்னு சொல்வாங்க, அவருக்கும் ஒரு நகல். பணம் வருதோ இல்லையோ, அந்த போர்டுக்குக் கீழ எந்தப் பிரிவுன்னு எழுத வச்சாலே அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

இன்னும் ஒண்ணு. சிவகங்கைக்குக் கூட்டிட்டுப் போனதைக் கடைசி வழி மாதிரி எழுதியிருக்கீங்க. பெரும்பாலும் ஜனங்க அப்படித்தான் செய்றாங்க. தனியார்ல நகை, நிலம் எல்லாம் கரைஞ்ச பிறகு, கிருமி உடம்பு பூரா ஏறின பிறகு, அங்க கொண்டு போறாங்க. அங்க இறந்தா அரசு ஆஸ்பத்திரியில கொன்னுட்டாங்கன்னு பேச்சு. முதல் மணி நேரத்துலயே அங்க போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாரும் யோசிக்கிறதில்ல. அங்க படுக்கை நெருக்கடி இருக்கு, பாத்ரூம் சரியில்ல, கூட இருக்குறவங்களுக்குக் கஷ்டம், அதெல்லாம் நிஜம். ஆனா வாசல்ல வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சு, சிவப்பை உடனே பாக்குற முறை இப்ப மெடிக்கல் காலேஜ்கள்ல இருக்கு. மூச்சு வாங்குற ஆளைப் பணம் கட்டுற கவுண்டருக்கு அனுப்புறதில்ல.

ஆத்தங்குடி மகள் (பதினோரு நாள் கழித்து, சனி, இரவு 8.15)

எல்லாரும் சொன்னதை ஒவ்வொண்ணாச் செஞ்சுட்டு வந்து எழுதுறேன்.

இலவச நம்பர்ல மூணாவது தடவைதான் சரியான ஆள் கிடைச்சாங்க. அந்த ஆஸ்பத்திரிக்கு எலும்புக்கும் பொது அறுவை சிகிச்சைக்கும்தான் அங்கீகாரமாம். அப்பா நோய்க்கு அங்க கிடையாது. செவிலி அக்கா சொன்னது அப்படியே. புகார் பதிஞ்சு நம்பர் குடுத்திருக்காங்க. திங்கக்கிழமை மனுவும் குடுத்தேன், இன்னும் பதில் வரல.

கலெக்டர் ஆபீஸ் மையத்துல பாத்தா, கார்டுல அப்பா பேர் ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி. அம்மா பேரே ஏறல. வி.ஏ.ஓ. சான்றுக்கு ரெண்டு நாள் அலைஞ்சேன், மையத்துல ஒரே நாள்ல சரி பண்ணிட்டாங்க. அம்மாவும் இப்ப கார்டுல இருக்காங்க. தம்பிக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களாம், அவனுக்கே இத்தனை நாள் தெரியாது.

டவுன்ல ரெண்டு தனியார் ஆஸ்பத்திரிக்கு நேர்ல போய்ப் பைபேப் பத்திக் கேட்டேன். ஒரு இடத்துல, நோயாளி இல்லாம எதுக்கு வந்தீங்கன்னு அனுப்பிட்டாங்க. இன்னொரு இடத்துல ஒரு டாக்டரம்மா உக்கார வச்சுப் பேசினாங்க. மெஷின் இருக்கு, பகல்ல நான் இருப்பேன், ராத்திரி போன்ல கூப்பிடணும், இருபது நிமிஷம் ஆகும், கார்டு இந்த நோய்க்கு இங்க கிடையாதுன்னு மறைக்காம சொன்னாங்க. அவங்களுக்கு மனசார நன்றி சொல்லிட்டு வந்தேன். ஜி.ஹெச்சுலயும் போய்ப் பேசினேன். முதல்ல இங்க கொண்டு வாங்க, ஆவி மருந்தும் ஊசியும் ஆரம்பிச்சு, தேவைப்பட்டா நாங்களே 108-ல சிவகங்கைக்கு அனுப்புறோம், அந்த வண்டிக்கும் காசில்லன்னாங்க. அப்ப எங்க வழி இதுதான்: வீடு, 108, ஜி.ஹெச், சிவகங்கை. கார் இல்ல, மதுரை இல்ல.

ஒரு பிளாஸ்டிக் கவர்ல கார்டு, ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியா எடுத்த எக்ஸ்ரே, சாப்பிடுற மருந்துப் பட்டியல் எல்லாம் போட்டு நிலைக்குப் பக்கத்து ஆணியில மாட்டியாச்சு. 88–92ன்னு எழுதின தாள் அப்பா சட்டைப் பையில. அவர் அதைக் காட்டி, பட்டறையில எல்லார்கிட்டயும் தன் நம்பர்னு சொல்லிக்கிட்டிருக்கார். பீடி நாளைக்கு ரெண்டுக்கு வந்திருக்கு டாக்டர், இன்னும் முழுசா விடல.

பட்டறையில அப்பா வயசுல இன்னும் நாலு பேருக்கு இதே மூச்சுவாங்கல் இருக்கு. அதுல ரெண்டு பேர்கிட்ட கார்டே இல்ல. அடுத்த வாரம் அவங்களைக் கூட்டிக்கிட்டு மறுபடி சிவகங்கை போறேன். ஒருத்தருக்கு ரேஷன் கார்டு புதுக்கோட்டை மாவட்டத்துல இருக்கு, ஆள் இருபது வருஷமா இங்க. அவர் எந்தக் கலெக்டர் ஆபீஸுக்குப் போகணும், ஆசிரியர் அய்யா?

பொன்னமராவதி ஓய்வாசிரியர் (சனி, இரவு 9.00)

ரேஷன் கார்டு எந்த மாவட்டமோ அந்த மாவட்டம். புதுக்கோட்டைக்கு வரச் சொல்லுங்கள். என்றைக்கு வருகிறார் என்று முதல் நாளே இங்கே எழுதுங்கள், மைய வாசலில் நான் நிற்கிறேன்.